மைக்ரோவேவில் 'சென்சார் போச்சு' என்றால் என்ன? சாலைக் கடைத்தெருவுக்குத் தூக்கிப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

டைமர் வைத்தால் சோறு நன்றாகவே சூடாகிறது. 'சென்சார் ரீஹீட்' பட்டனை அழுத்தினால் மட்டும் சில நொடிகளில் பீப் அடித்து நின்றுவிடுகிறது. இல்லையென்றால் நிற்காமல் ஓடி, மீன் குழம்பை வற்றவைத்து ஓரத்தைக் கருக்கிவிடுகிறது. மெக்கானிக்கைக் கேட்டால் "போர்டு போயிருக்கும்" என்கிறார். அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும், இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாமே என்று தோன்றுகிறது.

டெக்னோபார்க் வேலைக்காகத் திருவனந்தபுரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அடுத்து கிடைக்கும் அட்வைஸ், "சாலைக்குக் கொண்டுபோய்ப் பாரு." கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் இந்தக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக இருக்கும் இடம் என்பதால் பேரத்தைத் தமிழிலேயே பேசலாம். கொண்டுபோவதில் தப்பில்லை. ஆனால் எந்தப் பக்கம் பழுது என்று ஓரளவாவது தெரிந்துகொண்டு போனால், தேவையில்லாத போர்டுக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்கலாம்.

முதலில், உங்கள் அவனில் சென்சார் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. நம் ஊரில் விற்கும் பல மாடல்களில் இருக்கும் 'ஆட்டோ குக்' மெனுவுக்கும் சென்சாருக்கும் சம்பந்தமே கிடையாது. எடையைக் கேட்கும், அதற்கு ஏற்ற நேரத்தை உள்ளே இருக்கும் பட்டியலிலிருந்து எடுத்து ஓட்டும், அவ்வளவுதான். எடை கேட்டுவிட்டு, தொடங்கும்போதே திரையில் முழு நேரத்தையும் காட்டி கவுன்ட் டவுன் ஓடினால், அது பெரும்பாலும் டைமர்தான். உணவு கருகினால் எடையைத் தப்பாகக் கொடுத்திருக்கலாம்.

நிஜமான சென்சார் மாடலில் தொடக்கத்தில் நேரம் தெரியாது. ஆவி வந்த பிறகுதான் மீதி நேரம் திரையில் வரும். கன்வெக்ஷன் மாடல்களில் வேறொரு சென்சார் உண்டு. உள்ளறையின் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் அது. ஆக, 'சென்சார் போச்சு' என்று ஒருவர் சொன்னால், ஆவி சென்சாரா, சூட்டு சென்சாரா என்று கேட்பதுதான் முதல் வேலை.

ஆவியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பரவலாகப் பயன்படும் ஈரப்பத சென்சாருக்குள் இரண்டு தெர்மிஸ்டர்கள் இருக்கும். ஒன்று உலர்ந்த காற்று அடைத்த மூடிய கூட்டுக்குள்; இன்னொன்று காற்று படும்படி திறந்த கூட்டில். ஈரக் காற்று வெப்பத்தைக் கடத்தும் விதம் உலர்ந்த காற்றிலிருந்து வேறுபடும். உணவிலிருந்து கிளம்பும் ஆவி காற்றுப் போக்கியில் இருக்கும் சென்சாரைத் தொட்டதும், திறந்திருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை மாறும், மூடியதில் மாறாது. இரண்டுக்கும் நடுவே உண்டாகும் அந்த வித்தியாசத்தைத்தான் போர்டு 'ஆவி வந்துவிட்டது' என்று படிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அது பார்ப்பது மாற்றத்தை. சமையல் தொடங்கும் நேரத்து ஈரப்பதத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போடுகிறது. அதனால் "திருவனந்தபுரம் மழை சார், அப்படித்தான் இருக்கும்" என்ற விளக்கம் அத்தனை வலுவானதில்லை. வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும் அந்த அடிப்படையில் சேர்ந்துவிடும். ஈரக்காற்று கெடுப்பது வேறு வழியில், மெதுவாக. கனெக்டர் பின்கள் களிம்பேறும். கூடவே தாளிக்கும் எண்ணெய்ப் புகை காற்றுத் துளைகளில் பிசுக்காகப் படியும். கதகதப்பான இடம் தேடி எறும்பும் கரப்பானும் பல்லியும் உள்ளே குடியேறுவது தனிக் கதை.

மூடியைக் கழற்றாமல் என்ன பார்க்கலாம்?

ஒரு கப் தண்ணீர் போதும். கண்ணாடி அல்லது பீங்கான் கப்பாக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், பொறி பறக்கலாம். (சாலையில் பாத்திரக் கடை நடத்தியபடியே தமிழில் எழுதிய ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' இந்தத் தெருவைத்தான் பேசுகிறது. அவர் காலத்துப் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள் எதற்கும் இந்தப் பெட்டிக்குள் இடமில்லை என்பது ஒரு வேடிக்கை.)

முதலில் சாதாரண மோடில் முழு பவரில் 2 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் நன்றாகச் சூடானால் மேக்னட்ரான், டிரான்ஸ்ஃபார்மர் என்ற உயர் மின்னழுத்தப் பகுதி வேலை செய்கிறது என்று அர்த்தம். சூடே ஆகவில்லை என்றால் பழுது சென்சாரில் இல்லை, வேறு இடத்தில்.

அடுத்து கதவைத் திறந்துவைத்து அவனை முழுதாக ஆறவிடுங்கள். உள்சுவர், கதவு, காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரே கிளீனர் அடித்த கையோடு சோதிக்காதீர்கள், அந்த ஆவியும் சென்சாரைக் குழப்பலாம். இப்போது புதிதாக ஒரு கப் குளிர்ந்த தண்ணீரை வைத்து சென்சார் மோடை ஓட்டுங்கள். இடையில் கதவைத் திறக்கக் கூடாது.

தண்ணீர் ஆவி விடத் தொடங்கியதும் மீதி நேரம் திரையில் வந்தால், சென்சார் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் பிரச்னை நாம் பயன்படுத்தும் விதத்தில்தான். ஒரு முறை சூடாக்கிய உடனே அடுத்த தட்டை வைப்பது, இறுக்க மூடிய டப்பாவை வைப்பது, இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். டப்பாவில் ஆவி வெளியே வர வழி இருக்க வேண்டும். என் கணிப்பில், நிறைய 'பழுது' இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தும் அவன் கண்டுகொள்ளவில்லை, அல்லது தொடங்கியதும் எரர் கோட் வருகிறது என்றால் சந்தேகம் சென்சார், அதன் ஒயர், போர்டு மூன்றின் மேலும் போகும். கோடின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

ஏன் நீங்களே திறக்கக் கூடாது?

மிக்ஸியையோ ஃபேனையோ கழற்றுவது போல் இல்லை இது. சென்சார் ஓடுவது சில வோல்ட்டில்தான். ஆனால் அதே மூடிக்குக் கீழே 2,000 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யும் பகுதி இருக்கிறது. அங்கே உள்ள கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். அதை வடித்துவிட உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருப்பது வழக்கம். அது பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. கெப்பாசிட்டரைப் பாதுகாப்பாக டிஸ்சார்ஜ் செய்யப் பயிற்சி இல்லாதவர் மூடியின் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். யூடியூப் பார்த்துப் பண்ணிடலாம் என்ற துணிச்சலுக்கு இது இடமில்லை.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

போர்டை மாற்றும் முன் சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தாரா என்று கேளுங்கள். கனெக்டரைக் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும். இரண்டு தெர்மிஸ்டர் உள்ள ஈரப்பத சென்சாரில் பொதுப் பின்னிலிருந்து இரு பக்கமும் அளந்தால் மின்தடை கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். இரு முனைகளுக்கு இடையே அளந்தால் அவற்றின் கூட்டுத்தொகை அளவுக்கு வரும். ஒரு பக்கம் மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது, சென்சாரை மாற்றினால் போதும்.

கன்வெக்ஷன் தெர்மிஸ்டருக்குச் சோதனை இன்னும் எளிது. குளிர்ந்த நிலையில் அளந்துவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் மின்தடை சீராக இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ தாவித் தாவி விழுந்தாலோ பழுது. சென்சாரும் ஒயரும் சரியாக இருந்தால் மட்டுமே போர்டைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். கதவின் பாதுகாப்பு ஸ்விட்ச்களை 'டைரக்ட்' கொடுத்து ஓட்டுவது. கதவு திறந்திருக்கும்போது மைக்ரோவேவ் உற்பத்தியாகாமல் தடுப்பவை அவைதான்.

பாகம் கிடைக்காது என்று சொன்னால்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் ஒரு பிரிவு. சர்வீஸ் சென்டர், உதிரிபாகம், வாரன்டி விவரங்களைக் கம்பெனிகள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் பிராண்ட் அங்கே எவ்வளவு விவரம் கொடுத்திருக்கிறது என்று போவதற்கு முன் பார்த்துவிடுங்கள். வாரன்டி காலத்தில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரு சின்ன பாகத்துக்காக முழுப் பெட்டியையும் தூக்கிப்போடுவதன் விலை நம் பர்ஸோடு முடிவதில்லை. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் உலகம் உருவாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

சாலையிலோ வேறெங்கோ ரிப்பேர் முடிந்ததும், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகத்தின் பெயர் இருக்கட்டும். கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கப் தண்ணீர் வாங்கி, சென்சார் மோடில் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.