நிழல் காட்டிய நாள்

வரலாற்றுக்குச் சான்று எது என்றால் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பயணக்குறிப்பு என்று வகுப்பில் அடுக்கிச் சொல்லி வந்தவன் நான். கைப்பேசியில் எடுத்த படத்தையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. எவ்வாறு என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்ல விழைகிறேன்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு காணொளி சமூக ஊடகங்களில் பரவிற்று. சீருடை அணிந்தோர் சிலர் இரண்டு பெண்களையும் இரண்டு சிறு குழந்தைகளையும் மண்பாதை வழியே நடத்திச் சென்று சுட்டுக் கொல்கின்றனர். நடந்தது கேமரூன் நாட்டில் என்றனர் சிலர். மாலியில் என்றனர் வேறு சிலர். கேமரூன் அரசோ அதனைப் பொய்ச்செய்தி என்று தள்ளிற்று.

பி.பி.சி. நிறுவனத்தின் 'ஆப்பிரிக்கா ஐ' குழுவினர், பிற ஆய்வாளர்களுடன் கூடி அப்படத்தை ஆராய்ந்தனர். காட்சியில் தொலைவில் ஒரு மலைத்தொடரின் விளிம்பு தெரிகிறது. அதன் ஏற்ற இறக்கங்களைக் கூகிள் எர்த் காட்டும் நிலவடிவத்தோடு ஒப்பிட்டனர். நைஜீரிய எல்லைக்கு அருகே, வடகேமரூனில் உள்ள ஜெலெவெட் என்னும் ஊரின் மலையோடு அது பொருந்திற்று.

இடம் தெரிந்தது, காலம் எது? பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்த்து, காணொளியிலுள்ள கட்டடங்கள் எப்போது எழுந்தன, எப்போது மறைந்தன என்று கண்டனர். அந்த ஒற்றையடிப் பாதையோ வறண்ட மாதங்களில் மட்டுமே தென்படுவது. எஞ்சியது நிழல். பள்ளி முற்றத்தில் கோல் நட்டு நிழலை அளக்கச் செய்வோமே, அதே கணக்குத்தான்; இங்கே நடந்து வரும் வீரனே கோல் ஆனான்! சூரியனின் உயரமும் திசையும் ஒருசேரத் தெரிந்தால், பொதுவாக ஆண்டில் இரண்டு காலப்பகுதிகளே அதற்குப் பொருந்தும். வறண்ட காலம் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகவே 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடைப்பட்ட நாள் என்று முடிவு கட்டினர்.

அவ்வட்டாரத்தில் தம் வீரர் இத்தகைய சீருடை அணிவதில்லை என்று அரசு சொல்லியிருந்தது. பேஸ்புக்கில் கிடந்த கேமரூன் வீரர்களின் படங்களே அதற்கு மறுமொழி கூறின.

இம்முறையை அவசரக்காரர் கையாண்டால் விளையும் தீங்கையும் மறைக்கலாகாது. 2013இல் பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் ரெட்டிட் தளத்தில் கூடியோர், குற்றமற்ற ஓர் இளைஞரைக் குற்றவாளி என்று சுட்டினர். அவருடைய குடும்பம் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அவர்களிடமும் படங்கள் இருந்தன. ஆனால் முகச்சாயலை நம்பினார்களேயன்றி மலையையும் நிழலையும் போல அளந்து பார்க்கத்தக்க எதனையும் அவர்கள் தேடவில்லை.

கேமரூன் அரசு 2018 ஆகஸ்டில், வீரர் எழுவரைப் பிடித்து வைத்திருப்பதாக அறிவித்தது. மறுமாதம் பி.பி.சி.யின் ஆய்வு வெளியாயிற்று. 2020 செப்டம்பரில் இராணுவ நீதிமன்றம் நால்வருக்குப் பத்தாண்டுச் சிறையும் ஒருவருக்கு இரண்டாண்டுச் சிறையும் விதித்தது, இருவரை விடுவித்தது.