பிடித்துவிட்ட கைகள்

பல்லாவரத்துக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்புப் பொட்டலங்களை நாம் தலைமுடியோடு மட்டுமே சேர்த்து எண்ணுகிறோம். அச்சொல்லின் பிறப்பு வேறு. 'அழுத்திப் பிசை' என்னும் பொருளுடைய 'சாம்போ' என்ற இந்திச் சொல்லே ஆங்கிலத்தில் ஷாம்பு ஆயிற்று. தொடக்கத்தில் அது குறித்தது உடல் பிடித்துவிடுதலையே.

இங்கிலாந்தில் அக்கலைக்குப் பெயர் தேடித் தந்தவர் 1759இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்துவிட்டு 1784இல் அயர்லாந்து சென்றார். 1810இல் லண்டனில் உணவகம் திறந்து, இரண்டே ஆண்டுகளில் நொடித்துப் போனார். பின்னர் பிரைட்டன் கடற்கரையில் மூலிகை நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். நோயாளி கம்பளித் துணிக் கூடாரத்தினுள் ஆவியில் வியர்த்திருப்பார்; பிடித்துவிடுபவர் வெளியே நின்று, துணியிலுள்ள திறப்புகள் வழியே கைகளை நுழைத்து அவர் உடலை அழுத்திப் பிசைவார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் இரு மன்னர்கள் அவருக்கு அரசப் பணிப் பட்டம் அளித்தனர். அவர் அயர்லாந்திலேயே கிறித்தவ முறைப்படி மணம் முடித்து அச்சமயத்தில் வாழ்ந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாம் பேசுவது அவர் கொண்டுசென்ற கலையைப் பற்றி.

அக்கலை நம் மருத்துவ நூல்களில் முன்பே இடம்பெற்றிருந்தது. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் 'தல்க்' என்று இதனை விரித்துரைக்கிறார். வன்மையான தேய்ப்பு உடலை இறுக்கும், மென்மையானது தளர்த்தும். உழைப்புக்கு முன் ஒரு வகை, உழைப்புக்குப் பின் ஒரு வகை. பின்னதன் நோக்கம், தசைகளில் தங்கிய கழிவை அகற்றி அசதி வராமல் காப்பது. தமிழ்ச் சித்தர்கள் இதனைத் தொக்கணம் என்றழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகைகளாகப் பகுத்தனர். யூனானியும் சித்தமும் மொழியால் வேறுபட்டவை. ஆயினும் களைத்த தோளைக் கையால் ஆற்றலாம் என்பதில் இரண்டும் ஒன்றே.

நம் ஊர்களில் இக்கலையைக் காத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த ஹகீம்கள் மட்டுமல்லர். ஒஸ்தா என்றழைக்கப்பட்ட முடிதிருத்துவோர் முடி வெட்டியபின் தலையையும் கழுத்தையும் பிடித்துவிட்டனர். பிள்ளைகளுக்குச் சுன்னத்தும் செய்தனர். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்து, தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினர். பிரைட்டனில் மன்னரைத் தொட்ட கைக்குப் பட்டம் கிடைத்தது. இங்கோ, நம்மைப் பிறந்த நாளில் ஏந்திய குடும்பத்தோடு மணவுறவு கொள்ள நம் முன்னோர் பலர் மறுத்தனர். தொழிலால் ஒருவரைத் தாழ்த்தும் இவ்வழக்கத்துக்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றவர்கள் திருமணப் பேச்சில் மட்டும் விலகிக்கொண்டார்கள்.

பல்லாவரத்திலிருந்து தெற்கே இரண்டாவது ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். அங்கே 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணம் இன்று பட்டதாரி மருத்துவர்களின் சிகிச்சை. நாள் முழுவதும் கணினி முன் குனிந்தவரும், தையல் கூடத்தில் நின்ற பெண்களும், ஜிஎஸ்டி சாலை நெரிசலில் வண்டி ஓட்டிக் கழுத்து இறுகியவரும் அதனை நாடலாம். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று, பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாய் இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் (ஸல்) நினைவூட்டினார்கள் அல்லவா?

வரம்பும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் குளியலகத்தின் ஒழுக்கங்களைக் கூறும்போது, தேய்த்துவிடுபவரின் கை தொடையிலும் தொப்புளுக்குக் கீழும் படலாகாது என்கிறார்கள். ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் பிடித்துவிடும் இடமா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியன இருந்தால் தேய்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றபடி, வீட்டுப் பெரியவர்களின் பாதங்களுக்கு இஷாவுக்குப் பின் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவிவிடக் கால்மணி நேரம் போதும்.