பீப்பாயில் ஊர் போன சொல்

சுவீடனின் தென்கிழக்குக் கரையில் கால்மார் என்றொரு பழைய துறைமுக ஊர். அதற்கும் எதிரே நீளமாகக் கிடக்கும் ஓலாண்ட் தீவுக்கும் நடுவே ஒடுங்கிய நீரிணை ஒன்று ஓடுகிறது. அந்த நீரிணைக்குத் தெற்கிலோ நாட்டின் மேற்குக் கரையிலோ வலையில் விழுந்தால் அந்த மீனுக்குப் பெயர் ‘சில்’. வடக்கே விழுந்தால் ‘ஸ்ட்ரெம்மிங்’. இனம் ஒன்றுதான். லின்னேயஸ் 1758இல் குளூப்பியா ஹாரெங்கஸ் என்று பெயரிட்டதும், ஆங்கிலம் வழியே ஹெர்ரிங் என்று நாம் அறிந்ததும், நம்மூர் மத்திக்குத் தூரத்து உறவுமான மீன் அது. பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. அங்கே வளர்வது ஒரு சாணுக்குமேல் அதிகம் நீள்வதில்லை, கொழுப்பும் குறைவு. அட்லாண்டிக்கில் அதே மீன் ஒன்றரைச் சாண் வளர்ந்து, கோடை முடிவில் நெய் கட்டி நிற்கும்.

பெயர் மாறும் அந்தக் கோட்டிலேயே சமையலும் மாறிவிடுகிறது. ஸ்ட்ரெம்மிங்கைப் பச்சையாக வாங்குவார்கள். முள்ளெடுத்து விரித்து, இரண்டு மீன்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இடையே டில் கீரையைத் திணித்து, கோதுமை போன்ற ஒரு குளிர்நாட்டுத் தானியமான ரையின் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். மசித்த உருளைக்கிழங்கு கூட வரும். வடக்கே போனால் அதே மீனைக் குறைந்த உப்பில் நொதிக்கவிட்டு ‘சூர்ஸ்ட்ரெம்மிங்’ ஆக்குகிறார்கள். டப்பா திறந்தால் தெருவே மூக்கைப் பொத்தும் அந்தப் பண்டம் ஊரறிந்தது. அதைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரையாளர் இல்லை என்பதால் நான் விட்டுவிடுகிறேன். ‘சில்’ என்று சொன்னால் சுவீடன்காரர் மனத்தில் முதலில் வருவது வேறு: உப்பில் கிடந்தது, தண்ணீரில் ஊறி உப்பிறங்கியது, இனிப்பும் புளிப்புமான நீரில் மறுபடி ஊறியது, கண்ணாடிக் குப்பியில் இருப்பது.

சில் என்ற சொல் கடலில் நீந்தும் ஓர் உயிரைவிடப் பீப்பாயில் அடைத்த ஒரு சரக்கையே குறித்து ஊர் ஊராகப் போயிருக்கிறது என்பது என் வாதம். தமிழில் நெத்திலி காய்ந்தால் கருவாடு என்று தனிச்சொல் பெறுகிறது அல்லவா, அதுபோல இந்தச் சொல்லுக்குள்ளும் உப்பு ஏறியிருக்கிறது.

பழைய நார்ஸ் மொழியில் அது ‘சீல்ட்’. ஐஸ்லாந்தில் இன்றும் அப்படியே. டென்மார்க்கிலும் நார்வேயிலும் எழுதும்போது கடைசி எழுத்தை வைத்துக்கொண்டு, பேசும்போது விழுங்கிவிடுகிறார்கள். சுவீடன்காரர் எழுத்திலேயே அதைக் கழித்துவிட்டார்கள். ஆக, மூன்று நாட்டிலும் காதில் விழுவது ஏறத்தாழ ‘சில்’தான். அதற்கு முந்தைய வேரைச் சொல்லாய்வாளர்கள் உறுதியாகக் காட்டவில்லை. மேற்கே ஜெர்மானியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஹேரிங், ஹாரிங், ஹெர்ரிங் என்று வேறு சொல்லை வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு அதை வாங்கி ‘அராங்’ ஆக்கிக்கொண்டது. இச்சொல்லைப் ‘படை’ என்ற பொருளுள்ள ‘ஹேர்’ என்பதோடு இணைப்பவர்கள் உண்டு, ‘நரைத்த நிறம்’ என்பதோடு இணைப்பவர்களும் உண்டு. கூட்டங்கூட்டமாக வரும் மீனுக்குப் படை என்ற விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. அவ்வளவு அழகாகப் பொருந்துவதாலேயே எனக்கு அதன்மேல் ஐயம்.

கிழக்கே பார்த்தால் வடவர் சொல்லே பரவியிருக்கிறது. ரஷ்யர் ‘சேல்த்’ என்றும் செல்லமாக ‘செல்யோத்கா’ என்றும் சொல்வது அதுதான். போலந்தின் ‘ஷ்லெட்ஜ்’ அதற்கு உடன்பிறப்பு. லித்துவேனியரிடம் ‘சில்கே’. பின்லாந்துக்காரர் தம் கரையில் பிடிக்கும் சின்ன மீனைச் ‘சிலக்கா’ என்றும், அட்லாண்டிக்கிலிருந்து வந்திறங்கும் பெரிய மீனைச் ‘சில்லி’ என்றும் பிரித்திருக்கிறார்கள். எஸ்டோனியரிடம் சான்று இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பச்சை மீன் அவர்களுக்கு ‘ரைம்’. அதையே உப்பிட்டால் ‘சில்க்’. மீனுக்குச் சொந்தப் பெயர் வைத்திருந்த மக்கள், உப்பு மீனுக்கு மட்டும் இந்தச் சொல்லின் குடும்பத்திலிருந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிச் சொல் நடமாட ஒரு சந்தை வேண்டும். இருந்தது. இன்றைய தெற்கு சுவீடனில், அன்று டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்த ஸ்கோனே பகுதியின் தென்மேற்கு மூலையில், ஸ்கனெர், ஃபால்ஸ்டர்பூ என்ற இரண்டு மணல்திட்டு ஊர்கள். 12ஆம் நூற்றாண்டு முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் நடுவில் அங்கே கூடிய சந்தை இலையுதிர்காலம்வரை நடந்தது. அக்கரையை ஒட்டிய ஊரசுந்த் நீரிணையில் கையாலேயே அள்ளும் அளவுக்கு மீன் நெருக்கமாய்த் திரண்டதென்று, 1200ஐ ஒட்டி டேனிஷ் வரலாறு எழுதிய சாக்சோ கிராமட்டிக்கஸ் சொல்லிவைத்தார். மீன் அங்கே, உப்பு வேறிடத்தில். ஜெர்மனியின் லூனெபுர்க் ஊற்றுகளில் காய்ச்சிய உப்பு லூபெக் வணிகர் கையில் இருந்தது. கொழுத்த மீன் சீக்கிரம் காறிப்போகும். பிடித்த கையோடு குடல் நீக்கி உப்பிட்டு அடுக்கினால்தான் பிழைக்கும். ஆகவே உப்புக்காரர் மீனிருக்கும் கரைக்கே வந்து கொட்டகை போட்டார். லூபெக் போன்ற வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹான்சாவின் நகரங்கள் பலவற்றுக்கும் அந்த மணலில் தனித்தனிப் பாத்தி இருந்தது. வாங்க ஆள் குறையவில்லை: திருச்சபை இறைச்சியை விலக்கிய நாள்கள் ஆண்டில் மிகப் பல, அந்நாள்களில் ஐரோப்பா முழுக்கத் தின்றது மீனை.

பீப்பாய் உப்பு மீனை அப்படியே தின்ன முடியாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை உப்பை இறக்குவது. இரவெல்லாம் குளிர்ந்த நீரில் போட்டு, நீரை மாற்றி, சில வீடுகளில் பாலிலும் ஊறவைத்து எடுப்பார்கள். இதற்குச் சுவீடிய வினை ‘ஊர்வத்னா’. நீர்த்துப்போன பேச்சு, சாரமிழந்த சட்டம் என்பதற்கும் அவர்கள் இந்த வினையிலிருந்து பிறந்த சொல்லையே ஆள்கிறார்கள். உப்பிறங்கிய மீனை வெறுமனே வேகவைத்த உருளைக்கிழங்கோடு தின்றதுதான் நெடுங்காலம் ஏழைச் சாப்பாடு. ஸ்மோலாண்ட் காட்டுப் பகுதிக் கண்ணாடி ஆலைகளில் உலைச்சூட்டிலேயே உப்பு சில்லைச் சுட்டுத் தின்றார்கள். அந்தச் சூட்டைத் தேடி நாடோடிகளும் வந்து ஒண்டுவார்கள். ‘ஹுத்சில்’, ஆலைச் சில், என்ற பெயரில் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு மேசை போட்டுப் பரிமாறுகிறார்கள்.

அந்த ஏழை மீனை விருந்து மீனாக்கியவை காடியும் சர்க்கரையும். காடிக்குச் சுவீடியத்தில் ‘எட்டிக்கா’. லத்தீன் ‘அசேட்டும்’ வடக்கே நடந்துவரும் வழியில் நடுவெழுத்துகள் இடம் மாறி ‘அட்டேக்கும்’ போலாகி, கீழ்ஜெர்மன் வாயில் தேய்ந்து வந்த சொல் அது. ஜெர்மனின் ‘எஸ்ஸிக்’ இதற்கு அண்ணன் தம்பி. கடைகளில் எட்டிக்கா நம்மூர் வினிகரைவிடப் பல மடங்கு காட்டமாகக் கிடைக்கும்: 12 விழுக்காடு ஒரு குப்பி, 24 விழுக்காடு இன்னொன்று. முன்னதை அளந்து வைத்துத்தான் சுவீடன் வீடுகளில் பலரும் மனப்பாடமாய் வைத்திருக்கும் ‘ஒன்று-இரண்டு-மூன்று’ கணக்கு வந்தது. எட்டிக்கா 1 பங்கு, சர்க்கரை 2, தண்ணீர் 3. சர்க்கரை கரையும்வரை சூடாக்கி முற்றும் ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் மீன் வெந்து குழையும். துண்டாக்கிய சில், வட்ட வட்டமாய் நறுக்கிய சிவப்பு வெங்காயம், காரட், பிரிஞ்சி இலை போன்ற லாரல் இலை, சர்வசுகந்தி மிளகு ஆகியவற்றை அடுக்கடுக்காய்க் குப்பியில் போட்டு அந்த நீரை நிரப்பி இரண்டு நாள் குளிரில் வைத்தால் ‘இன்லாக்ட் சில்’. நாம் செய்வதாயின் 5 விழுக்காட்டு வினிகருக்குத் தண்ணீரை நன்றாகக் குறைக்க வேண்டும். சர்க்கரை அளவைக் கண்டு கை பின்வாங்கும். உப்பு மீனுக்கு அது வேண்டித்தான் இருக்கிறது.

கோடை நடுத் திருநாளுக்கு, ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமைக்கு, வேறொரு சில் வேண்டும்: ‘மத்யெஸ்’. டச்சுக்காரர் முட்டையோ விந்தோ இன்னும் திரளாத இளமீனைக் ‘கன்னி ஹாரிங்’ என்று அழைத்தார்கள். ‘மாக்தெ’ தேய்ந்து ‘மாத்யெஸ்’ ஆயிற்று. சொல் சுவீடனுக்குப் போனதும் கன்னிமை மறந்து மசாலா சேர்ந்தது. அங்கே மத்யெஸ் என்றால் இனிப்பு மசாலா நீரில் பக்குவப்பட்ட சிவந்த சில். அந்தச் சிவப்புக்கும் லேசான மணத்துக்கும் சேர்ப்பது ‘சாண்டெல்’ பொடி. செஞ்சந்தனம், நம் செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர இயற்கையாய் வேறெங்கும் வளராத மரத்தின் பெயர் வட அட்லாண்டிக் மீன் குப்பியின் ஒட்டுத்தாளில் இருப்பதை நம் மீன் வரலாறுகள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. இதனோடு மண் வாசனை மாறாத புது உருளைக்கிழங்கு, டில், புளித்த கிரீம், பொடியாய் அரிந்த கிரைஸ்லோக் என்னும் புல் வெங்காயம். சமையல் என்று சொன்னால் கிழங்கை வேகவைப்பது ஒன்றுதான்.

சொல் மயங்கிய இன்னோர் இடம் ‘அன்ஷோவிஸ்’. இது மத்தியதரைக் கடலின் ஆஞ்சோவிப் பெயர், நம் நெத்திலிக்கு இனமான மீன். சுவீடன் டப்பாவிலோ இருப்பது ‘ஸ்கார்ப்சில்’ என்னும் பொடிமீன். பட்டை, இஞ்சி, சாண்டெல் கலந்த இனிப்பு உப்புநீரில் ஊறியது. ‘ஜான்சன்ஸ் ஃப்ரெஸ்டெல்சே’ என்ற பெயர்பெற்ற கிழங்குப் பண்டத்தின் உயிர் அதுதான். குச்சி குச்சியாய் அரிந்த கிழங்கு, வெங்காயம், இந்த மீன், மேலே கிரீம், அடுப்புப் பெட்டியில் ஒரு மணி நேரம். ஆங்கிலச் சமையல் நூல்கள் பெயரை மட்டும் பெயர்த்து ஆஞ்சோவி என்று அச்சிட்டதில் எத்தனையோ பேர் உப்புக் கரித்த கிழங்கைத் தின்றிருப்பார்கள். நெத்திலிக் கருவாட்டை இதில் போட நினைப்பவரும் கையை அடக்கிக்கொள்வது நல்லது.

மீனின் பெயர் மீனோடு நிற்கவில்லை. துடுப்புத் திமிங்கிலத்துக்குச் சுவீடியத்தில் ‘சில்வால்’, சில் திமிங்கிலம். வெள்ளி நாடாபோல் பல மீட்டர் நீளும் துடுப்பு மீன் ‘சில் அரசன்’. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கொடிக் கதை. நார்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்தபோது, 1844இல் இரு நாட்டுக் கொடிகளின் மூலையிலும் இரண்டு நாட்டு நிறங்களையும் வெட்டிச் சேர்த்த ஒன்றியச் சின்னம் ஏறியது. பீட்ரூட், ஆப்பிள், கிழங்கு, வெங்காயம், உப்பு சில் எல்லாம் கலந்து நறுக்கிய கலவையின் பெயர் ‘சில்சல்லாட்’. சின்னத்துக்கும் மக்கள் அந்தப் பெயரையே சூட்டினார்கள். நார்வே 1890களின் இறுதியில் வணிகக் கொடியிலிருந்து அதை எடுத்தது. சுவீடன் 1905இல் ஒன்றியம் முறிந்தபின் எடுத்தது. கிறிஸ்துமஸ் மேசையில் சிவப்புக் கலவை மட்டும் தங்கிவிட்டது.

டென்மார்க்கின் மதியச் சாப்பாட்டில் சில்தான் முதல் சுற்று. அதற்கெனத் தட்டு தனி, அடுத்த சுற்றுக்கு வேறு தட்டு வரும். அங்கே கடைதோறும் கிடைக்கும் ஒரு வகை ‘கரிசில்ட்’. புளிநீரில் ஊறிய மீனை வடித்தெடுத்து, மயோனேஸும் புளித்த கிரீமும் சேர்த்துக் குழைத்து, மஞ்சள் நிறம் தூக்கலாய்த் தெரியும் அளவு கரிப்பொடி போட்டு, ஆப்பிளும் வெங்காயமும் அரிந்து கலப்பார்கள். ரை ரொட்டித் துண்டின்மேல் பரப்பி அவித்த முட்டையை வட்டமாய் நறுக்கி வைத்தால் ஆயிற்று. டேனிஷ்காரர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்தார்கள் என்பதால் இந்தக் ‘கரி’ அங்கிருந்து கப்பலேறியது என்று சொல்ல ஆசை வரும். ஆசைக்குச் சான்று போதாது. ஐரோப்பா முழுக்க அச்சொல்லைப் பரப்பியது ஆங்கிலேயரின் கரிப்பொடி டப்பா. அதில் இருந்த சொல் நம் கறி. கோபன்ஹேகன் கடை அடுக்கில் அந்தக் குப்பியை எடுத்தால் ஒட்டுத்தாளில் முன்பாதி தமிழ், பின்பாதி நார்ஸ்.