கோப்பித் தோட்டமும் உத்தியோகக் கதிரையும்

உத்தியோகத்தர் ஒருவரின் நேர்மையைப் பற்றிப் பேச நேர்ந்தால், அவர் கைக்கூலி வாங்கினாரா என்றுதான் நாம் முதலிற் கேட்கிறோம். ஒரு சதமேனும் கைக்கூலி வாங்காத இடத்திலும் கடமை கெட்டுப்போகலாம். இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்றொன்று உண்டு. கண்டிச் சீமையின் மலைகளிலே கோப்பி பரவிய காலத்துச் செய்தி அது.

1829ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த கோல்புறூக் விசாரணைக் குழு, அரசாங்கச் செலவைச் சுருக்கும் வழிகளையும் ஆராய்ந்தது. அதன் விதப்புரைகளையொட்டி 1833 அளவிற் சிவில் சேவையாளரின் சம்பளம் குறைந்தது; இளைப்பாற்றுச் சம்பளமும் புதிதாகச் சேர்வோர்க்கு இல்லையென்றாயிற்று. ஆனால், அவர்கள் காணி வாங்கிப் பயிர்செய்வதற்குத் தடை விதிக்கப்படவில்லை.

தடையில்லாத அவ்வழியிலே செல்வமும் காத்திருந்தது. தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் கண்டிக்கு அணித்தாயுள்ள கன்னொறுவையில் முன்னரே கோப்பித் தோட்டம் அமைத்திருந்தார். 1835இல் இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் நம் பகுதிக் கோப்பிக்கும் ஒரே தீர்வையை விதித்தது. முடிக்குரிய காட்டு நிலமோ ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அடிப்படை விலைக்குக் கிடைத்தது. பின்னாளிற் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக வந்த சேர் எமேர்சன் தெனன்ற், 1859இல் வெளியான தமது நூலில், தேசாதிபதி தொடக்கம் நீதிபதிகள், படையினர், மதகுருமார் ஈறாகப் பலரும் அக்காலத்திற் காணி வாங்க மலையேறியதைப் பதிவு செய்துள்ளார். சிவில் சேவையாளருட் பாதிப் பேர் அவ்வாறு வாங்கினர் என்பது அவர் தரும் கணக்கு.

இதிலுள்ள இடர்ப்பாட்டைச் சற்றே சிந்தியுங்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த கிராமத்தவனிடம் அனுபவ உரிமை இருந்தது; உறுதிப் பத்திரம் இருந்திலது. அவன் தன் முறைப்பாட்டை யாரிடம் கொண்டுபோவான்? காணியை அளப்பவரும், உரிமையை விசாரிப்பவரும், ஏலத்தில் விற்பவரும் அரசாங்க உத்தியோகத்தரே. அவ்வுத்தியோகத்தரே வாங்குபவராகவும் நின்றால், தீர்ப்பு எவ்வளவு செம்மையாயிருப்பினும் அவன் அதனை எங்ஙனம் நம்புவான்? அலுவல்களோ வேறு வகையிலும் தளர்ந்தன. கந்தோரில் இருக்க வேண்டிய மனம் தோட்டத்திலே இருந்தது.

சீர்திருத்தம் உள்ளேயிருந்தே எழுந்தது. அந்நாளிற் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாயிருந்த அன்ஸ்றுதர், தாமும் கோப்பித் தோட்டக்காரராயிருந்தும், சேவையைத் திருத்தி அமைக்க வேண்டுமென இலண்டனில் எடுத்துரைத்தார். அங்கே குடியேற்ற நாடுகளின் மந்திரியாயிருந்த ஸ்ரான்லி பிரபு 1845 அளவிற் புதிய ஒழுங்குகளை நடைமுறைக்குக் கொணர்ந்தார். உத்தியோகத்தர் தோட்டத் தொழிலிலும் வியாபாரத்திலும் ஈடுபடலாகாது; சம்பளம் திருத்தப்படும்; இளைப்பாற்றுச் சம்பளம் மீண்டும் உண்டு; பதவி உயர்வில் திறமையும் சுதேச மொழியறிவும் கவனிக்கப்படும் என்பன அவற்றுட் சில.

தடையும் சம்பளமும் ஒன்றாக வந்தமை கருதத்தக்கது. வயிற்றுக்குப் போதாத கூலியைக் கொடுத்துவிட்டு ஒழுக்கத்தை உபதேசிக்கும் அரசு தன் கடமையிற் பாதியையே செய்கிறது. அவ்வாறே, போதிய சம்பளம் பெற்றும் பக்க வருவாயை நாடுபவருக்கு வறுமை சாட்டாகாது. ஆயினும் இவ்விதி காலந்தாழ்த்தியே வந்தது. அதற்குமுன் விற்கப்பட்ட காட்டை அது கிராமத்தவனுக்கு மீட்டுக் கொடுக்கவில்லை.

1954இல் நம் நாட்டில் இலஞ்சச் சட்டம் வந்தது. அதன் இடத்தைப் பெற்ற 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், கைக்கூலியோடு நில்லாது, கடமையும் சொந்த நலனும் முரண்படும் நிலையையும் கருத்திற் கொள்கிறது. எனினும் சட்டம் எட்டாத மூலைகள் எத்தொழிலிலும் உண்டு. என் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பகலிலே தாம் படிப்பிக்கும் வகுப்புப் பிள்ளைகளை மாலையிலே கட்டணத்துக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் எவரிடமும் கைக்கூலி பெறவில்லை. ஆனால், பகற்பாடம் குறையக் குறைய மாலை வகுப்பு நிறைகிறது. கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை, உறுதிப் பத்திரம் இல்லாத அக்கிராமத்தவனைப் போலவே நிற்கிறது.

ஆதலின், நேயர்களே, கதிரையில் அமரும் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: என் கடமை குறைவதால் என் வருவாய் கூடுகிறதா? கூடுமாயின், இரண்டில் ஒன்றைக் கைவிடுவதே முறை.