தாமிரப்பட்டணமும் நமது விஞ்ஞானப் புனைகதையும்

மாயக்கதையும் விஞ்ஞானப் புனைகதையும் ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த புதுச்சரக்கு என்ற எண்ணம் நம்மவரிடையே வலுவாக உண்டு. வாசிக்கிறதே வீண்வேலை, எழுதுறதென்றால் பொய் சொல்லுற வேலை என்பாரும் உளர். நமது இலக்கிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது.

கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத் தமிழில் தந்த உரைநடைக் கதை 'மதீனத்துன் நுஹாஸ்', அதாவது தாமிரப்பட்டணம். அது பாரசீக மூலத்தைத் தழுவியது என்றும், 1858ஆம் ஆண்டுக்குரியது என்றும் ஆய்வாளர் குறிப்பிடுவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல். இதை வைத்து முதல் தமிழ் நாவல் எது என்று வழக்காடுவோர் உண்டு. அந்தப் பந்தயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'பத்ஹுத் தய்யான்' என்னும் மார்க்கச் சட்ட நூலை எழுதிய ஆலிமே ஓர் அதிசயக் கதையையும் நம் மக்களுக்குத் தந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒன்று மற்றதற்குக் குறுக்கே நிற்பதாக அவர் கருதவில்லை.

அக்கதை 'ஆயிரத்தொரு இரவுக'ளிலும் இருக்கிறது. ஸுலைமான் நபி (அலை) ஜின்களை அடைத்து முத்திரையிட்ட செப்புக் குடங்களைத் தேடிவரக் கலீபா அப்துல் மலிக் பின் மர்வான் உத்தரவிடுகிறார். மூஸா பின் நுஸைர் தலைமையில் ஒரு கூட்டம் பாலைவனத்தில் இறங்குகிறது. வழியில் ஒரு குன்றின் மேல் பித்தளைக் குதிரைவீரன். அவன் கையைத் தேய்த்தால் சுழன்று நின்று திசை காட்டுகிறான். பட்டணத்துக்குள் போனால், கடைகளில் சரக்கு அப்படியே இருக்கிறது, மனிதர்தான் உயிரோடில்லை. அரசியின் உடலுக்குக் காவலாக இரண்டு சிலைகள். நகைக்கு ஆசைப்பட்டுக் கைவைத்தவனை ஒரு சிலை வெட்டி வீழ்த்துகிறது.

செய்தவர்கள் அழிந்த பிறகும் அவர்கள் செய்த பொறி வேலை செய்துகொண்டே இருக்கிறது. இன்றைய விஞ்ஞானப் புனைகதை திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதானே? மனிதனின் ஆற்றல் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்ற கேள்வி.

இக்கற்பனைக்கு வேர் உண்டு. ஸுலைமான் நபிக்கு உருகிய செம்பின் ஊற்று ஓடியதையும் ஜின்கள் வேலை செய்ததையும் ஸபஃ அத்தியாயம் சொல்கிறது. தானாக அசையும் பொம்மைகள், யானைக் கடிகாரம் முதலியவற்றின் செய்முறையை அல்ஜஸரீ 1206இல் எழுதி முடித்தார். பித்தளை வீரனுக்கும் அந்தப் பட்டறைக்கும் அவ்வளவு தூரமில்லை.

1905இல் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' சென்னையிலிருந்து வந்த ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. அதில் பெண்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டிப் பகைவரை விரட்டுகிறார்கள். வான ஊர்தியில் போகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில் இருக்கிறார்கள். பெண்கல்விக்காகப் போராடியவருக்குக் கட்டுரை மட்டும் போதவில்லை, கதையும் தேவைப்பட்டது.

இலங்கையில் அறிஞர் சித்திலெவ்வை 1885இல் 'அஸன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். தூரதேசப் பயணம் இருக்கிறது; ஜின் போய்விட்டது. பின்னர் 1950களிலும் 60களிலும் மண்வாசனையும் யதார்த்தமும் எழுத்தாளரின் கடமையாயின. நம் கரையோர வாழ்வு சிறுகதைக்குள் வந்தது அதனால்தான். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் அதிசயம் சிறுவர் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போகிற பிள்ளைகள் நாகூர் நாயகம் கப்பலின் ஓட்டையைக் கண்ணாடியால் அடைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். மூத்தம்மாமார் சொன்ன ஜின்னுக் கதைக்கும் குறைவில்லை. அப்படியொரு பிள்ளை வகுப்பில் எழுந்து, "சேர், நடக்காததை எழுதினா பொய்தானே?" என்று கேட்கிறது. கதையென்று சொல்லிச் சொல்லுகிற கதை யாரையும் ஏமாற்றுவதில்லை. நடந்ததென்று சொல்லி நடக்காததைப் பரப்புவதுதான் பொய். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பது தமிழ் ஆசிரியரின் வேலை.

இன்னொரு வேலையும் கிடக்கிறது. பேராசிரியர் ம.மு. உவைஸ் போன்றோர் அரபுத் தமிழ் ஆக்கங்களை இலக்கிய வரலாற்றுக்குள் கொண்டுவந்தனர். ஆனால் அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஊர் குறைந்து வருகின்றனர். 2004 டிசம்பர் 26இல் கடல் நம் கரையோர வீடுகளுக்குள் வந்தபோது பெட்டகங்களும் போயின. எஞ்சிய ஏடுகளைப் படம்பிடித்துத் தமிழ் எழுத்துக்கு மாற்ற ஊருக்கு நான்கு பேர் போதும். ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவர், கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் மாணவர் மூவர். கிணற்றில் உப்பு ஏறுவதையும் கரையைக் கடல் தின்பதையும் பார்க்கிற அந்த மாணவர்களுக்கு, நூறு வருடத்துக்குப் பின்னான கல்முனைக்குடியை எழுதக் கதைப்பொருள் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.