ஒரே நூல், ஆயிரம் அட்டைகள்

உங்கள் பள்ளி நூலகத்தில் இரண்டாயிரம் நூல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தவளையின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்நூல் அங்கே இருக்கிறது. ஆனால் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. இருந்தும் என்ன பயன்? உங்களைப் பொறுத்தவரை அந்நூல் இல்லாத நூல்தான்.

இந்தக் குறையைப் போக்குவதற்காகவே நூலகப் பட்டியல் ஏற்பட்டது. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பொருள், அலமாரியில் அதன் இடம் ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வைப்பதே பட்டியல். கேட்பதற்கு எளிய வேலைபோல் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நூலுக்குக் கால் மணி நேரம் என்றால் இரண்டாயிரம் நூல்களுக்கு 500 மணி நேரம் ஆகும். வகுப்பும் எடுத்து நூலகத்தையும் கவனிக்கும் ஓர் ஆசிரியர் நாள்தோறும் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குகிறார்; பள்ளி ஆண்டுக்கு 200 நாட்கள் நடக்கிறது. அப்படியானால் பட்டியல் முடிய இரண்டரை ஆண்டுகள் வேண்டும். அதற்குள் புதிய நூல்கள் வந்து குவிந்துவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே தவளை நூல் அடுத்த ஊர்ப் பள்ளியிலும் இருக்கிறது. அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து அதே விவரங்களை அதே கால் மணி நேரம் செலவிட்டு எழுதுகிறார். ஆயிரம் நூலகங்களில் ஆயிரம் முறை ஒரே வேலை! ஒருவர் ஒரு முறை எழுதியதை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள முடியாதா? இக்கேள்விக்கு விடை காண மனிதனுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

சீட்டுக் கட்டில் பிறந்த பட்டியல்

தொடக்கத்தில் பட்டியல்கள் புத்தக வடிவில் இருந்தன. இவற்றில் ஒரு தொல்லை உண்டு. அகர வரிசையில் எழுதி முடித்த பிறகு ஒரு புதிய நூல் வந்தால் அதை நடுவே நுழைக்க இடமிராது. தனித்தனி அட்டையில் எழுதினால் இத்தொல்லை இல்லை. வேண்டிய இடத்தில் செருகிவிடலாம்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பிரான்சு. 1789இல் அங்கு புரட்சி வெடித்தது. திருச்சபையின் உடைமைகள் நாட்டுடைமையாயின. அவற்றோடு மடங்களின் நூல்களும் அரசின் கைக்கு வந்தன. நாடெங்கும் சிதறிக் கிடந்த இந்நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்க 1791இல் அரசு விதிமுறைகளை வெளியிட்டது. எழுதுவதற்கு அட்டைகளாகப் பயன்பட்டவை எவை தெரியுமா? சீட்டாடும் அட்டைகள்! அக்காலத்தில் சீட்டுகளின் பின்புறம் ஒன்றும் அச்சிடாமல் வெறுமையாக இருந்தது. அளவும் ஒன்றுபோல் இருந்தது. விவரங்களை எழுதி, ஆசிரியர் பெயரின் கீழே கோடிட்டு, அட்டைகளை வரிசைப்படுத்தி, மூலையில் துளையிட்டு நூலில் கோத்துப் பாரிசுக்கு அனுப்பினார்கள்.

தோற்றுப்போன ஒரு கனவு

அட்டை வந்துவிட்டது. ஆனால் ஒவ்வோர் அட்டையையும் கையால்தான் எழுதவேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் நூலகராக இருந்த சார்லஸ் ஜூவெட் 1850ஆம் ஆண்டையொட்டி ஒரு புதிய திட்டத்தைக் கூறினார். ஒவ்வொரு நூலின் விவரத்துக்கும் ஒரு தனி அச்சுத் தகடு செய்துகொள்வது; எந்த நூலகத்துக்குப் பட்டியல் வேண்டுமோ அந்நூலகத்தின் நூல்களுக்குரிய தகடுகளை மட்டும் எடுத்து அடுக்கி அச்சடித்துக் கொடுப்பது. ஒரு முறை செய்த தகடு எல்லா நூலகங்களுக்கும் பயன்படும்!

கருத்து சரியானதே. பொருள்தான் ஒத்துழைக்கவில்லை. தகடு செய்யப் பயன்படுத்திய கலவை காய்ந்தபோது கோணிக்கொண்டது. 'சேற்றுப் பட்டியல்' என்று சிலர் நகைத்தார்கள். நிறுவனத்தின் தலைமையோடும் கருத்து வேற்றுமை முற்றியது. 1854இல் ஜூவெட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். காலத்துக்கு முந்திப் பிறந்த கருத்துகளுக்கு நேரும் கதி அவருடைய கருத்துக்கும் நேர்ந்தது.

அச்சிட்ட அட்டை

1876இல் மெல்வில் டூயி தம்முடைய பத்தின்முறைப் பகுப்பை வெளியிட்டார். அறிவுத்துறைகளை எல்லாம் எண்களால் குறிக்கும் முறை அது. ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டருக்கு 12.5 சென்டிமீட்டர் என்னும் அளவிலான அட்டையும் நூலகங்களில் நிலைபெற்றது. எங்கும் ஒரே அளவு அட்டை என்பது சின்னச் செய்தி அன்று. ஓரிடத்தில் தயாரான அட்டை இன்னோரிடத்துப் பெட்டியில் பொருந்தும் அல்லவா? இதைப் பயன்படுத்திக்கொண்டு அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1901இல் அச்சிட்ட அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஜூவெட்டின் கனவு வேறு உருவில் பலித்தது. ஆயினும் அட்டை வந்து சேரும்வரை நூல் காத்திருக்க வேண்டும். வந்த அட்டைகளைக் கையால்தான் அடுக்க வேண்டும்.

இங்கே நம் சென்னைக்கு வருவோம். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் பாடமாக உள்ளன. படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் ஒன்றின் கருத்து. அடுத்து அவர் ஒரு படி மேலே சென்றார். நூல் வெளிவந்த பிறகு ஒவ்வொரு நூலகமும் அதற்குப் பகுப்பெண் தேடுவானேன்? நூல் பிறக்கும் முன்பே, அச்சகத்தில் இருக்கும்போதே, பகுப்பையும் பட்டியல் விவரத்தையும் முடித்து நூலிலேயே அச்சிட்டுவிடலாமே என்றார். காங்கிரஸ் நூலகம் 1971இல் இத்தகைய திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. சில நூல்களில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் பட்டியல் விவரம் இருப்பதைக் காணலாம்.

கணிப்பொறி படிக்கும் அட்டை

அட்டையைப் பார்த்தவுடன் எது ஆசிரியர் பெயர், எது நூலின் பெயர் என்று நாம் தெரிந்துகொள்கிறோம். கணிப்பொறிக்கு அந்த அறிவு ஏது? அதற்கு எல்லாம் எழுத்துகளின் வரிசையே. 'பாரதி' என்பது நூலை எழுதியவரா, நூலின் பொருளா என்று அது அறியாது.

இச்சிக்கலை அவிழ்த்தவர் ஹென்ரியெட் அவ்ரம் என்னும் அம்மையார். இவர் நூலகர் அல்லர்; கணிப்பொறிக்கு நிரல் எழுதியவர். 1965இல் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்து, பட்டியலிடுவோர் செய்யும் வேலையைக் கூர்ந்து கற்றார். பட்டியலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று இலக்க எண் ஒன்று கொடுத்தார்கள். 100 என்றால் ஆசிரியர்; 245 என்றால் நூலின் பெயர்; 650 என்றால் பொருள். இந்த அமைப்புக்கு 'மார்க்' என்று பெயர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு நூலின் பெயர் நான்கு எழுத்தில் முடிந்துவிடும். மற்றொன்றின் பெயர் நான்கு வரி ஓடும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கினால் சிலவற்றுக்கு இடம் போதாது; சிலவற்றில் இடம் வீணாகும். எனவே ஒவ்வொரு பதிவின் முன்பகுதியிலும் ஒரு பொருளடக்கம் வைத்தார்கள். இன்ன எண்ணுள்ள பகுதி, இத்தனை எழுத்து நீளம், இந்த இடத்தில் தொடங்குகிறது என்று பன்னிரண்டு குறிகளில் அது சொல்லும். கணிப்பொறி முதலில் இதைப் படித்துவிட்டு, வேண்டிய இடத்துக்கு நேரே சென்றுவிடும். 1966இல் 16 நூலகங்களுடன் சோதனை நடந்தது. 1969 முதல் காந்த நாடாவில் பதிவு செய்த பட்டியல்கள் நூலகங்களுக்குப் போகத் தொடங்கின.

நாடா அஞ்சலில் போகவேண்டுமா, தொலைபேசிக் கம்பி வழியே போகலாகாதா என்று கேட்டவர் பிரடெரிக் கில்கோர். ஓஹியோ மாநிலத்தின் கல்லூரி நூலகங்கள் 1967இல் தொடங்கிய கூட்டமைப்புக்கு அவர் தலைவர். 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹியோ பல்கலைக்கழக நூலகம் தொலைவில் இருந்த கணிப்பொறியோடு இணைந்து நேரடியாகப் பட்டியலிட்டது. ஒரு நூலகம் பதிந்தால் போதும். மற்றவை அதை எடுத்துக்கொள்ளும். முதலில் இக்கூட்டமைப்பும் அட்டைகளை அச்சிட்டே அனுப்பியது. சுமார் 190 கோடி அட்டைகளை அச்சிட்ட பிறகு, 2015 அக்டோபர் 1 அன்று கடைசி அட்டை வெளிவந்தது.

நூலின் அடையாள எண்

பதிவை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் நூலை அடையாளம் காண வேண்டும். ஒரே பெயரில் பத்து நூல்கள் இருக்கலாமே! இதற்கு வழி செய்தது பன்னாட்டுத் தர நூல் எண். பிரிட்டனில் 1960களில் தோன்றிய ஒன்பது இலக்க எண் முறையைத் தழுவி, 1970இல் பத்து இலக்கங்கள் கொண்ட எண் உலகப் பொதுவாயிற்று. 2007 முதல் இது 13 இலக்கமாக உள்ளது. இந்திய நூல்களில் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும்.

இதன் கடைசி இலக்கம் ஒரு காவற்காரன். சோதித்துப் பாருங்கள். 978-0-306-40615-7 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களையும் மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 9+21+8+0+3+0+6+12+0+18+1+15 = 93. இத்துடன் எதைக் கூட்டினால் பத்தின் மடங்கு வரும்? 7. அதுவே கடைசி இலக்கம். ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கூட்டல் பொருந்தாது. கணிப்பொறி உடனே தவற்றைக் காட்டிவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். அவற்றின் வேறுபாடு சரியாக 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். ஏன் என்று நீங்களே ஆராய்ந்து பாருங்கள்.

சிற்றூர் தந்த கொடை

இத்தனையும் வந்தபின்னும் சிறிய நூலகத்துக்கு ஒரு தடை இருந்தது: பணம். நூலக மென்பொருள்களின் விலை அதிகம். யுனெஸ்கோ நிறுவனம் சி.டி.எஸ்./ஐசிஸ் என்னும் மென்பொருளை இலவசமாக வழங்கியது. 1985 முதல் அது சிறு கணிப்பொறிகளிலும் இயங்கியது. வளரும் நாடுகளின் நூலகங்கள் பல, கணிப்பொறிப் பட்டியலை இதில்தான் கற்றன.

அடுத்த பெரிய உதவி நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்னும் நாட்டுப்புற மாவட்டத்திலிருந்து வந்தது. அங்குள்ள நூலகங்களின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைப் புரிந்துகொள்ளாது என்று 1999இல் தெரிய வந்தது. விலை கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது. எனவே உள்நாட்டு நிறுவனம் ஒன்றைக்கொண்டு புதிதாக எழுதச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. அதை விற்கவில்லை, எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம் என்னும் உரிமத்துடன் வெளியிட்டார்கள். அதற்கு இட்ட பெயர் 'கோஹா'. மவோரி மொழியில் கொடை என்பது பொருள். இன்று பல நாடுகளின் நூலகங்களில் அது இயங்குகிறது. இந்தியாவிலும் பல நூலகங்களில் உண்டு. நம் நாட்டுத் தேசியத் தகவலியல் மையம் 'இ-கிரந்தாலயா' என்னும் மென்பொருளை உருவாக்கியுள்ளது.

இப்போது பள்ளி நூலகர் செய்யவேண்டியது என்ன? நூலின் 13 இலக்க எண்ணைத் தட்ட வேண்டும், அல்லது பட்டைக் குறியைக் கருவியில் காட்ட வேண்டும். எங்கோ ஒரு நூலகர் எழுதிய பதிவு சில நொடிகளில் வந்து சேரும். கால் மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

தமிழ் நூல்களின் நிலை

ஆனால் இந்த மந்திரம் ஆங்கில நூலுக்குப் பலிப்பதுபோல் தமிழ் நூலுக்குப் பலிப்பதில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, பழைய தமிழ் நூல்களுக்கு எண்ணே இல்லை. 1970க்கு முன் வந்தவற்றுக்கு இருக்க வழியும் இல்லை. இரண்டாவது, வெளிநாட்டு நூலகங்களின் பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் புள்ளியும் கோடும் இட்ட உரோமன் எழுத்தில் உள்ளன. மாணவர் தமிழில் தேடினால் அவை அகப்படா. மூல எழுத்தையும் சேர்த்து எழுத மார்க் அமைப்பில் 880 என்னும் தனிப் பகுதி உண்டு. ஆனால் யாரேனும் எழுதினால்தானே இருக்கும்!

மூன்றாவது, எழுத்துகளின் வரிசை. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் 1991 முதல் தமிழ் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது. ஆனால் இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒழுங்கில் எழுத்துகளை வைத்ததால், அதில் 'ந'வுக்கு அடுத்து 'ன' நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய் அல்லவா? எண் வரிசையில் மட்டும் அடுக்கும் மென்பொருள் 'பனை'யை முன்னும் 'பயிர்' என்பதைப் பின்னும் வைக்கும். அகராதியில் பயிர் முன்னே, பனை பின்னே. தமிழ் வரிசைக்குரிய விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. மென்பொருளில் அவற்றை இயக்கிவைக்க வேண்டும்.

ஆகவே தமிழ் நூலுக்கு முதல் பதிவை எழுதவேண்டியவர் பெரும்பாலும் இங்குள்ள நூலகரே. அவர் அதை நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதினால் அது ஒரு பள்ளிக்கு உதவும். மார்க் அமைப்பில், யூனிகோடு தமிழில் எழுதிப் பகிர்ந்தால், அதே நூலை வைத்துள்ள எந்தப் பள்ளியிலும் இன்னொருவர் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

அடுத்த முறை உங்கள் நூலகத்துக்குப் போகும்போது ஒரு தமிழ் நூலைக் கையில் எடுங்கள். அதில் எண் இருக்கிறதா? கடைசி இலக்கம் கணக்குக்குச் சரியாக வருகிறதா? அதன் பெயரைத் தமிழில் தட்டினால் பட்டியலில் அகப்படுகிறதா? அகப்படாவிட்டால், பதிவு எழுத உதவட்டுமா என்று நூலகரைக் கேளுங்கள்.