தன்னியல்பு நுரையீரல் சுருக்கம்

அடி எதுவும் படாமலேயே நுரையீரல் நுனியிலுள்ள காற்றுக் கொப்புளம் வெடித்து, காற்று மார்புக்கூட்டுக்குள் கசிந்து நுரையீரலை அமுக்கும் நோய். மருத்துவர்கள் நியூமோதோராக்ஸ் என்பர். நெட்டையான, ஒல்லியான, புகைபிடிக்கும் இளைஞர்களிடம் மிகுதி. நம் ஊர்களில் காசநோய்த் தழும்பும் காரணமாகலாம் என்பதை மறக்கக் கூடாது.

முதல் முறை குழாய் வைத்துக் காற்றை எடுத்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் ஓராண்டுக்குள், திரும்ப வரும். அப்போதும், கசிவு நிற்காதபோதும் அறுவை: சிறுதுளை வழியே கேமரா செலுத்திக் கொப்புளத்தை வெட்டித் தைத்து, நுரையீரல் உறையைச் சுரண்டியோ டால்க் பொடி தூவியோ மார்புச் சுவரோடு ஒட்டவைப்பர். பிறகு மீள்வரவு சுமார் 5 விழுக்காடு. மார்பைத் திறந்து செய்தால் 1 விழுக்காடு, வலிதான் கூடுதல்.

இந்நோய்க்கு மருத்துவமனையை நாட வேண்டிய கள்ளக்குறிச்சி மாவட்டத் தியாகதுருகத்தாருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி, 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சிக் கல்லூரி. திடீர் நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினால் வாய்வுப்பிடிப்பு என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.